அணுக்கருவைத் தேடி – 27: தங்கம் பூசிய சில்லு

சென்ற வாரம் வியன்னா ரேடியம் ஆய்வு நிலையத்தின் இருட்டறையில் நிறுத்தியிருந்தோம். 1927 டிசம்பரில் அங்கே போன ஜேம்ஸ் சாட்விக், துத்தநாக சல்பைடு திரையில் மின்னும் பொட்டுகளை எண்ணுபவர்களுக்கு எந்த நேரத்தில் எந்தச் சோதனை நடக்கிறது என்று தெரியாதபடி ஏற்பாட்டை மாற்றினார். ஹான்ஸ் பெட்டர்சனும் கெர்ஹார்ட் கிர்ஷும் ஆண்டுக்கணக்கில் அறிவித்துவந்த கூடுதல் துகள்கள் அதோடு மறைந்தன. எண்ணிய பெண்கள்மேல் பழி சொல்ல ஒன்றுமில்லை. இருட்டில் கண்ணைப் பழக்கி, நுண்ணோக்கியில் குனிந்து, இமைப்பொழுதில் மறையும் ஒளியைத் தேடுகிறவரிடம் 'இப்போது நிறைய வரும்' என்று சொல்லிவைத்தால், வரத்தான் செய்யும்.

கண்ணை நம்பும் காலம் அதோடு முடிந்தது. கைகர்–முல்லர் குழாயும் அயனிக் கூடமும் பெருக்கிச் சுற்றுகளும் வந்து, எண்ணும் வேலையை மின்சாரம் எடுத்துக்கொண்டது. அடுத்த முப்பது ஆண்டுகளில் முடுக்கிகள் வளர்ந்த கதையை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். முடுக்கியின் மறுமுனையில், மோதலில் தெறித்து வரும் துகளை வாங்கிக்கொள்ளும் இடத்தில் நடந்த மாற்றத்தை அவ்வளவாக யாரும் எழுதவில்லை. 1956க்கும் 1966க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில், விரல்நுனி அளவுச் சிலிக்கான் சில்லு ஒன்று அணுக்கரு வினைகளைப் பற்றிய அறிவையே புரட்டிப் போட்டது. அக்காலத்துப் பெரிய முடுக்கிகளுக்குக் கிடைத்த புகழில் பாதியாவது இந்தச் சில்லுக்கும் அதைச் செய்த கைகளுக்கும் சேர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அன்றைய ஆய்வாளரின் தேவை என்ன? ஓர் அணுக்கருமேல் டியூட்டரானை மோதவிட்டால் உள்ளிருந்து புரோட்டான் ஒன்று தெறித்து வரலாம். மிஞ்சி நிற்கும் கரு அமைதியான அடிநிலையில் இருந்தால் புரோட்டான் முழு ஆற்றலோடு வரும். கரு கிளர்ந்த நிலையில் மிஞ்சினால், அந்தக் கிளர்ச்சிக்கு உரிய அளவு ஆற்றல் குறைந்து வரும். ஆகவே வெளியே வரும் புரோட்டான்களின் ஆற்றலை வரிசைப்படுத்தினால் கருவுக்குள் இருக்கும் ஆற்றல் படிகள் அப்படியே தெரியும். படிகள் நெருக்கமானவை, அளவு கொஞ்சம் மழுங்கினாலும் இரண்டு படி ஒன்றாகக் கலந்துவிடும். வந்த துகள் எது, எவ்வளவு ஆற்றல், எந்தக் கோணம் என்ற மூன்று கேள்விக்கும் பதில் வேண்டும்.

கையில் இருந்த கருவிகள் ஒவ்வொன்றிலும் ஒரு குறை. காந்த நிறமாலைமானி மிகத் துல்லியமானது, ஆனால் டன் கணக்கில் எடை; ஒரு நேரத்தில் ஒரு சிறு கோணத்தில் வரும் துகள்களை மட்டுமே பார்க்கும். அதன் முடிவில் ஒளிப்படத் தகடு இருந்தால், தடங்களை எண்ண நுண்ணோக்கியின் முன் நாட்கணக்கில் உட்கார வேண்டும். சோடியம் அயோடைடு போன்ற ஒளிர்படிகங்கள் வேகமானவை, துல்லியம் போதாது. வாயு நிரப்பிய அயனிக் கூடத்தில் இன்னொரு தொல்லை: காற்றில் 4 சென்டிமீட்டர் ஓடி நிற்கும் ஆல்பாவை வாயுவுக்குள்ளேயே நிறுத்தப் பெரிய கூடம் வேண்டும். புரோட்டான் என்றால் அதைவிடப் பல மடங்கு பெரிதாக வேண்டும்.

வாயுவுக்குப் பதில் திடப்பொருளையே அயனிக் கூடமாக வைத்தால் என்ன என்ற யோசனை பழையது. அதைச் செய்து காட்டியவர் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபான் ஹீர்டன். 1945இல் அவர் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வு, குளிரூட்டிய வெள்ளி குளோரைடு படிகத்துக்கு மின்னழுத்தம் கொடுத்தால் துகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்துடிப்பு கிடைக்கும் என்று காட்டியது. பலரும் வைரம் உட்படப் பல படிகங்களில் முயன்றார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் இடறினார்கள். துகள் உண்டாக்கிய மின்னூட்டங்கள் படிகத்தின் குறைபாடுகளில் சிக்கி அங்கேயே தங்கின. தங்கியவை சேரச் சேர வெளியே கொடுத்த மின்புலத்தை உள்ளுக்குள் எதிர்த்தன. துடிப்பு தேய்ந்துகொண்டே போனது. காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு காட்டும் கருவியை வைத்துக்கொண்டு ஆற்றலை எப்படி அளப்பது?

விடை வேறொரு துறையிலிருந்து வந்தது. 1947 டிசம்பரில் டிரான்சிஸ்டர் பிறந்த பெல் ஆய்வகத்திலேயே கென்னத் மக்கே என்ற இயற்பியலாளர் இருந்தார். 1949இல் அவர் ஜெர்மேனியத் துண்டொன்றின்மேல் கூர்முனைத் தொடர்பு வைத்து, பின்னோக்குச் சார்பில் மின்னழுத்தம் கொடுத்து, அருகே ஆல்பா மூலத்தைக் காட்டினார். ஆல்பா ஒவ்வொன்றும் விழும்போது தனித்தனித் துடிப்பு கிடைத்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பி–என் சந்தியிலும் அதைச் செய்தார். மக்கேயின் அக்கறை குறைகடத்தியின் இயல்பை அறிவதில் இருந்தது; அணுக்கரு ஆய்வாளருக்கு அந்தக் கருவி எட்டவில்லை. உணரும் பரப்பு அவ்வளவு சிறியது.

சந்திக்குள் என்ன நடக்கிறது என்று இங்கே நின்று பார்த்துவிடுவது நல்லது. டையோடுக்குப் பின்னோக்கு மின்னழுத்தம் கொடுத்தால், சந்தியின் இரு பக்கமும் திரியும் எலக்ட்ரான்களும் துளைகளும் விலகிப்போய், நடுவில் மின்னூட்டம் நகராத ஒரு பட்டை உண்டாகிறது. பள்ளிப் பாடநூல் இதை இயக்கமில்லாப் பகுதி என்கிறது. கொடுத்த மின்னழுத்தம் ஏறக்குறைய முழுவதும் இந்தப் பட்டையின் மேல்தான் விழும். ஆகவே அங்கே வலுவான மின்புலம், ஆனால் மின்னோட்டம் மிகச் சொற்பம். இந்த நிலையில் ஆல்பா உள்ளே நுழைந்தால் தன் வழிநெடுக எலக்ட்ரான்–துளை இணைகளைக் கிளப்பிக்கொண்டே போய் நிற்கும். புலம் அவற்றை இரு திசைக்கும் இழுத்துவிடும். சிக்குவதற்கு நேரம் இல்லை. சில நானோ விநாடிகளில் வேலை முடிந்துவிடும். உப்புப் படிகங்களில் தீராத சிக்கல் இங்கே எழவே இல்லை.

அடுத்த லாபம் எண்ணிக்கையில். வாயுவில் ஒரு அயனி இணை உண்டாக 30 எலக்ட்ரான் வோல்ட் அளவு செலவாகும். சிலிக்கானில் ஓர் இணைக்கு 3.6 போதும். அமெரிசியம்-241 தரும் ஆல்பாவின் ஆற்றல் 54.86 லட்சம் எலக்ட்ரான் வோல்ட். வாயுவில் அது 1.8 லட்சம் இணைகளைத் தரும், சிலிக்கானில் 15 லட்சம். மரக்காலால் அளந்த நெல்லை ஆழாக்கால் அளப்பது போல, அலகு சிறுக்கச் சிறுக்க அளவில் பிசகு குறையும். அந்த ஆல்பா காற்றில் ஓடும் 4 சென்டிமீட்டரும் சிலிக்கானில் 0.028 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. கூடம் இருந்த இடத்தில் ஒரு சில்லு போதும்.

இதை அணுக்கரு ஆய்வுக்குள் இழுத்து வந்த முதல் கை இண்டியானா மாநிலத்தின் பர்டியூ பல்கலைக்கழகத்தினுடையது. அங்கே கார்ல் லார்க்-ஹொரோவிட்ஸ் தலைமையில் இருந்த குழு, போர்க்காலத்தில் ரேடாருக்கு வேண்டிய ஜெர்மேனியப் படிகங்களை ஆராய்ந்தது. போர் முடிந்ததும் ஜெர்மேனியத்தைக் கதிர்வீச்சில் காட்டி அது எப்படிக் கெடுகிறது என்று பார்க்கத் தொடங்கினார்கள். ஜெர்மேனியமும் கதிர்வீச்சும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால்தான் அடுத்தது நடந்தது என்று நினைக்கிறேன். பென் கோசிக்கும் ஆய்வு மாணவரான ஜேம்ஸ் மேயரும் ஜெர்மேனியத்தின் முகத்தில் தங்கத்தை மெல்லிய படலமாகப் படியவைத்தார்கள். தங்கத்துக்கும் ஜெர்மேனியத்துக்கும் இடையில், பி–என் சந்தி செய்யாமலேயே, ஒரு மின்தடுப்பு உண்டானது. ஊசிமுனைக்குப் பதில் அகலமான பரப்பு கிடைத்தது. 1956இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் சாரம் ஒன்றுதான்: துடிப்பின் உயரம் ஆல்பாவின் ஆற்றலுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. எண்ணும் கருவி அன்றைக்கு அளக்கும் கருவியானது.

ஜெர்மேனியத்தில் ஒரு குறை உண்டு. அதன் ஆற்றல் இடைவெளி 0.67 எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பமே எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடும். கசியும் மின்னோட்டத்தின் இரைச்சலில் துடிப்பு மூழ்கும். குளிரூட்டியே ஆக வேண்டும். டென்னசியின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் வால்டர், டாப்ஸ், ராபர்ட்ஸ் மூவருக்கு அது தொல்லையாகவே படவில்லை. கடுங்குளிரில் ஒரே திசையில் ஒழுங்குபடுத்திய அணுக்கருக்களிலிருந்து ஆல்பா எந்தப் பக்கம் அதிகம் போகிறது என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை. திரவ ஹீலியக் குளிருக்குள் உட்கார்ந்து வேலை செய்யும் டிடெக்டர் அவர்களுக்குத் தேவைப்பட்டது. தங்கம் பூசிய ஜெர்மேனியம் அதற்கென்றே பிறந்தது போல அமைந்தது. ஆனால் எல்லோரும் குளிரறையில் வேலை செய்வதில்லையே. சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி 1.1 எலக்ட்ரான் வோல்ட். மேசைமேல் வைத்து, பெட்டியை மூடி, மின்னழுத்தம் கொடுத்தால் போதும். 1958, 1959 வாக்கில் ஓக் ரிட்ஜ், சாக் ரிவர், ஹார்வெல் என்று எல்லா இடத்திலும் கைகள் சிலிக்கானுக்குத் தாவின.

தாவுவதற்குத் தூய சிலிக்கான் கிடைத்திருக்க வேண்டும். இயக்கமில்லாப் பகுதி ஆழமாக வேண்டுமானால் சிலிக்கானில் மாசு மிகக் குறைவாக, மின்தடை எண் மிக உயர்வாக இருக்க வேண்டும். 1,000 ஓம்–சென்டிமீட்டர் கொண்ட என் வகைச் சிலிக்கானுக்கு 100 வோல்ட் கொடுத்தால் 0.16 மில்லிமீட்டர் ஆழம் கிடைக்கும். அத்தகைய சிலிக்கானைக் கொடுத்தது 1950களில் வந்த மிதவை மண்டல முறை. சிலிக்கான் கம்பியைச் செங்குத்தாக நிறுத்தி, சுற்றிலும் ஒரு கம்பிச்சுருளை வைத்து, ஒரு சிறு நீளத்தை மட்டும் உருக்குவார்கள். உருகிய பகுதி எந்தப் பாத்திரத்தையும் தொடாது. பரப்பு இழுவிசையால் மேலும் கீழும் திடமான கம்பியைப் பற்றிக்கொண்டு நிற்கும். சுருளை மெல்ல நகர்த்தினால் உருகிய மண்டலமும் நகரும், மாசுகளைத் தன்னோடு வாரிக்கொண்டு கம்பியின் ஒரு கோடிக்குத் தள்ளிவிடும். மின்னணுத் தொழில் தன் தேவைக்காக வளர்த்த இந்த வித்தை அணுக்கரு இயற்பியலுக்கு இலவசமாகக் கிடைத்தது.

இனி டிடெக்டர் செய்யும் விதம். என் வகைச் சிலிக்கான் வில்லையைத் தேய்த்து மழமழப்பாக்குவார்கள். ஹைட்ரோஃபுளூரிக், நைட்ரிக், அசெட்டிக் அமிலங்கள் கலந்த கலவையில் முக்கி, தேய்த்தபோது சிதைந்த மேல்தோலை அரித்தெடுப்பார்கள். தூய நீரில் கழுவி, ஒரு வளையத்தில் பொருத்தி, விளிம்பை எப்பாக்சி பசையால் மூடுவார்கள். பிறகு காற்றில் வைப்பார்கள். முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் படிய வேண்டும். அது படிந்த பிறகு வெற்றிடத்தில் தங்கத்தை ஆவியாக்கி முன்முகத்திலும், அலுமினியத்தைப் பின்முகத்திலும் படிய வைப்பார்கள். தங்கத்தின் கனம் சதுர சென்டிமீட்டருக்கு 40 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. ஆல்பா அதைக் கடந்து போகையில் இழக்கும் ஆற்றல் மிகச் சொற்பம். உலையில் வைத்துச் சூடாக்கும் வேலை எங்குமே இல்லை. ஆகவே தூய சிலிக்கான் தூய்மை கெடாமல் அப்படியே இருக்கும்.

படிக்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் எத்தனை மணி நேரம் காற்றில் வைப்பது, காற்றில் ஈரம் எவ்வளவு இருக்கலாம், எந்தப் பசை, எத்தனை முறை கழுவல் என்று ஒவ்வோர் ஆய்வகமும் ஒரு பக்குவம் வைத்திருந்தது. கைபட்டால் கெட்டது. வெளிச்சம் பட்டால் துடிப்புக்குப் பதில் இரைச்சல்தான் வந்தது. பக்குவம் தெரிந்த ஒருவர் ஊர் மாறினால் அந்த வித்தையும் அவரோடு போனது. ஓக் ரிட்ஜில் பிளாங்கன்ஷிப்பும் போர்கௌஸ்கியும் சிலிக்கான் டிடெக்டரின் பரப்பையும் ஆழத்தையும் துல்லியத்தையும் 1960க்குள் வெகுதூரம் உயர்த்தினார்கள். அதே ஊரில் அதே ஆண்டு ஓக் ரிட்ஜ் ஆய்வாளர்கள் சிலர் ஓர்டெக் என்ற நிறுவனத்தைத் தொடங்கி டிடெக்டர்களை விற்க ஆரம்பித்தார்கள். இனி ஆய்வகம் ஒவ்வொன்றும் அமிலத் தொட்டி வைத்துக்கொள்ள வேண்டாம் என்றாயிற்று.

டிடெக்டர் மட்டும் இருந்தால் போதுமா? 15 லட்சம் எலக்ட்ரான்களின் மொத்த மின்னூட்டம் ஒரு கூலூமில் நாலு லட்சம் கோடியில் ஒரு பங்கு. இதைப் பெருக்க வேண்டும், அதுவும் விகிதம் மாறாமல். சந்தியின் மின்தேக்குத்திறனோ கொடுக்கும் மின்னழுத்தத்தோடு சேர்ந்து மாறும். சாதாரணப் பெருக்கியில் அதனால் துடிப்பின் உயரமும் மாறும். மேயர்–கோசிக் கட்டுரை வந்த அதே 1956இல், மிலானில் எமிலியோ கட்டியும் அவருடைய கூட்டாளிகளும் புதிய முன்பெருக்கிச் சுற்று ஒன்றை வெளியிட்டிருந்தார்கள். அதில் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு சிறு மின்தேக்கி வழியாகப் பின்னூட்டம் போகும். துடிப்பின் உயரத்தை அந்த மின்தேக்கிதான் தீர்மானிக்கும். டிடெக்டரின் மின்தேக்குத்திறன் எப்படி மாறினாலும் கவலையில்லை. இன்று உலகில் எந்த அணுக்கரு ஆய்வகத்துக்குப் போனாலும் சிதறல் அறையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு பெட்டிக்குள் இந்தக் கருத்துதான் இருக்கிறது.

1960 செப்டம்பர் இறுதியில் வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் இந்தத் துறையினர் கூடினார்கள். டாப்ஸும் வால்டரும் தொகுத்த அந்த மாநாட்டு ஏட்டை அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் அடுத்த ஆண்டு வெளியிட்டது. நான்கே ஆண்டுகளில் ஒரு மாணவரின் தங்கப் படலம் ஒரு துறையாக வளர்ந்துவிட்டது. பத்தாண்டின் நடுவில் நல்ல சிலிக்கான் டிடெக்டர் 15 முதல் 20 ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் வரை துல்லியம் காட்டியது. அமெரிசியம் ஆல்பாவில் 54.86 லட்சத்துக்குப் பக்கத்திலேயே 54.43 லட்சத்தில் ஒரு சிறு கூட்டமும், 53.88 லட்சத்தில் இன்னும் சிறிய ஒன்றும் உண்டு. மூன்றும் தனித்தனியாக நிற்பதைத் திரையில் பார்க்க முடிந்தது. இன்றும் டிடெக்டரைச் சோதிக்க மாணவர் முதலில் எடுக்கும் படம் அதுதான்.

கனடாவின் சாக் ரிவரில் இந்தச் சில்லும் புதுவகை முடுக்கி ஒன்றும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. மெக்கன்சியும் ஆலன் புரோம்லியும் 1959இலேயே சிலிக்கான் சந்திகளை வைத்து அணுக்கரு வினையில் வரும் துகள்களை அளந்து காட்டினார்கள். புதிய டான்டம் முடுக்கி கார்பன் கற்றையைத் தந்தது. கார்பனைக் கார்பன்மேல் மோதவிட்டு ஆம்க்விஸ்ட், புரோம்லி, கியூனர் மூவரும் 1960இல் கண்டது யாரும் எதிர்பாராதது. மோதும் ஆற்றலை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால் வினையின் அளவு சீராக ஏற வேண்டும். 60 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டைச் சுற்றி மூன்று கூர்முகடுகள் எழுந்தன. இரண்டு கார்பன் கருக்கள் ஒன்றாகக் கரைந்துவிடாமல், ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் சுற்றுகின்றன, மூலக்கூறு போல. பெரிய விண்மீன்களில் கார்பன் எரியும் வேகத்தைக் கணக்கிடுபவர்கள் இன்றைக்கும் அந்த முகடுகளைக் கீழ் ஆற்றலுக்கு எப்படி நீட்டுவது என்று வாதாடுகிறார்கள்.

மூன்று கேள்விகளில் ஆற்றலும் கோணமும் தீர்ந்தன. வந்த துகள் எது என்பது நின்றது. ஒரே ஆற்றலுள்ள புரோட்டானும் ஆல்பாவும் ஒரே சில்லில் நின்றால் ஒரே துடிப்பைத்தான் தரும். இதற்கான விடையில்தான் சிலிக்கானின் முழு வலிமையும் தெரிந்தது.

இரண்டு சில்லுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கிறார்கள். முன்னது மிக மெல்லியது. துகள் அதைத் துளைத்துக்கொண்டு போகும்போது கொஞ்சம் ஆற்றலை விட்டுச் செல்லும். பின்னது கனமானது, துகள் அதில் நின்றுவிடும். மெதுவாகப் போகும் துகளும் அதிக மின்னூட்டம் உள்ள துகளும் மெல்லிய சில்லில் அதிகமாக இழக்கும். முன்சில்லின் இழப்பையும் மொத்த ஆற்றலையும் பெருக்கினால், கிடைக்கும் எண் துகளின் நிறையையும் மின்னூட்டத்தின் இருமடியையும் பெருக்கியதற்கு ஏறக்குறைய நேர்விகிதத்தில் அமையும். புரோட்டானுக்கு 1 என்றால் டியூட்டரானுக்கு 2, டிரிட்டானுக்கு 3. ஹீலியம்-3க்கு 12, ஆல்பாவுக்கு 16. துகள் தன் பெயரைத் தானே சொல்லிவிட்டுப் போகிறது.

பின்சில்லு கனமாக இருக்க வேண்டுமே? ஒரு கோடி எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் சிலிக்கானில் 0.7 மில்லிமீட்டர் ஓடும். தங்கம் பூசிய சில்லில் அவ்வளவு ஆழம் அன்று எளிதில் கிட்டவில்லை. ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தின் எரிக் பெல் 1960இல் வழி காட்டினார். லித்தியம் அணுக்கள் சூடான சிலிக்கானுக்குள் மின்புலத்தால் நகரும்; நகர்ந்துபோய் அங்கிருக்கும் போரான் மாசுகளோடு ஒவ்வொன்றாகச் சேர்ந்து அவற்றின் விளைவை அழித்துவிடும். மாசு இருந்தும் இல்லாதது போன்ற சிலிக்கான் பல மில்லிமீட்டர் கனத்துக்குக் கிடைத்தது.

இவை எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்த இடம் பெர்க்லி. சாக் ரிவரிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த பிரெட் கோல்டிங் மின்னணுச் சுற்றுக்காரர். டிடெக்டரையும் சுற்றையும் ஒரே பொருளாகப் பார்த்தவர். மேலே சொன்ன பெருக்கல் கணக்கு ஆற்றல் மாற மாறக் கொஞ்சம் நழுவும் என்பதை அவர் பொறுத்துக்கொள்ளவில்லை. துகள் பொருளுக்குள் ஓடும் தூரம் அதன் ஆற்றலின் 1.73ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது என்ற பட்டறிவு விதியை எடுத்துக்கொண்டார். மொத்த ஆற்றலின் 1.73ஆம் அடுக்கிலிருந்து பின்சில்லில் பதிந்த ஆற்றலின் 1.73ஆம் அடுக்கைக் கழித்தால், மிஞ்சுவது துகளின் வகையை மட்டுமே பொறுத்தது. கணினி வாசலுக்கு வராத காலம். லாண்டிஸ், செர்னி, பேல் (எரிக் பெல் அல்லர்) ஆகியோரோடு சேர்ந்து 1964இல் அவர் வெளியிட்ட கருவி, மடக்கைச் சுற்றுகளைக் கொண்டு ஒவ்வொரு துகளுக்கும் இந்தக் கணக்கை அந்தக் கணத்திலேயே போட்டு முடித்தது. பிறகு முன்னால் இரண்டு மெல்லிய சில்லுகளை வைத்து, இரண்டும் தனித்தனியாக ஒரே பெயரைச் சொன்னால்தான் நம்புவது என்ற கட்டுப்பாட்டையும் சேர்த்தார்கள். வியன்னாவில் இல்லாமல் போன ஒழுக்கம் இதுதான். இங்கே அது சுற்றுக்குள்ளேயே அமைந்துவிட்டது.

1966இல் ஆர்தர் போஸ்கான்சர், காஸ்பர், ஏர்ல் ஹைட், ஜோசப் செர்னி நால்வரும் இந்த முறையைப் பெவட்ரான் முடுக்கிக்குக் கொண்டுபோனார்கள். 530 கோடி எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் கற்றையை யுரேனியத் தகட்டில் மோதவிட்டார்கள். யுரேனியக் கரு நொறுங்கி எல்லா வகைத் துணுக்குகளும் பறக்கும். சிலிக்கான் அடுக்கு அவற்றை வகை பிரித்தது. லித்தியத்துக்கு மேலே சொன்ன பெருக்கல் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: லித்தியம்-6க்கு 54, 7க்கு 63, 8க்கு 72, 9க்கு 81. அடுத்து 90இல் லித்தியம்-10 இருக்க வேண்டும். அந்த இடம் காலி. அதைத் தாண்டி, 112இல் பெரிலியம்-7 தொடங்குவதற்கு முன், 99இன் இடத்தில் ஒரு சிறு மேடு. லித்தியம்-11. ஒரு நியூட்ரானைச் சேர்த்தால் நிற்காத கரு, இரண்டைச் சேர்த்தால் நிற்கிறது. போரான்-14, போரான்-15 இரண்டும் அதே ஆய்வில் முதன்முதலாகத் தெரிந்தன. ஏறக்குறைய 9 மில்லி விநாடி அரைவாழ்வு கொண்ட இந்த லித்தியம் கருவை வைத்து 1985இல் இசாவோ தனிஹாட்டா குழு கண்ட வியப்பு, இத்தொடரில் தனி அத்தியாயமாக வரும்.

லித்தியம்-11 தெரிந்த மறு ஆண்டே சிலிக்கான் நிலவுக்குப் போனது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் அந்தோணி டர்கெவிச் வடிவமைத்த சிறு பெட்டி ஒன்றைச் சர்வேயர்-5 கலம் 1967 செப்டம்பரில் அமைதிக் கடலில் இறங்கி, நைலான் கயிற்றால் தரைக்கு இறக்கியது. பெட்டிக்குள் கியூரியம்-242. அதன் ஆல்பாக்கள் நிலவு மண்ணில் மோதித் திரும்பி வரும். நேர் எதிராகத் திரும்பும் ஆல்பா எவ்வளவு ஆற்றலைத் தக்கவைத்திருக்கிறது என்பது, அது மோதிய அணுவின் எடையைச் சொல்லிவிடும்: ஆக்சிஜனில் மோதினால் 100க்கு 36 பங்கு, சிலிக்கானில் 56, இரும்பில் 75. அலுமினியம் போன்றவற்றில் ஆல்பா உள்ளே புகுந்து புரோட்டானை வெளியே தள்ளும். அந்த அணுக்கரு வினையில் வரும் புரோட்டான்களை எண்ணத் தனிச் சில்லுகள். ரூதர்ஃபோர்டின் இரண்டு பெரும் ஆய்வுகளும், சிதறலும் சிதைவும், ஒரே பெட்டிக்குள் நிலவில் நடந்தன. மண்ணில் உள்ள அணுக்களில் பாதிக்கு மேல் ஆக்சிஜன், அடுத்து சிலிக்கான், அதன் பின் அலுமினியம். பசால்ட் பாறையை ஒத்த மண் என்று டர்கெவிச் அறிவித்தார். இரண்டு ஆண்டு கழித்து அப்பல்லோ-11 அதே கடலிலிருந்து கல்லைக் கொண்டுவந்தபோது அது பசால்ட்டாகவே இருந்தது.

பர்டியூவில் தொடங்கிய ஜேம்ஸ் மேயரும் இதே எதிர்ச்சிதறல் வழியைத் தரையில் வளர்த்தெடுத்தார். மெல்லிய படலங்களில் எந்த ஆழத்தில் எந்தத் தனிமம் இருக்கிறது என்று காண இன்று உலகெங்கும் பயன்படும் முறை அது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் 1.7 மெகாவோல்ட் டான்டெட்ரான் முடுக்கியின் கற்றைக் குழாய் முனையில் அதுவும் நடக்கிறது.

இந்தச் சில்லுக்கு ஆயுள் குறைவு. அளக்க வரும் துகளே அதைக் கெடுக்கும்: கன அயனி ஒவ்வொன்றும் நிற்கும் இடத்தில் சிலிக்கான் அணுக்களை இடம்பெயர்த்துவிடும். அப்படிப் பெயர்ந்த இடங்கள் சேரச் சேரக் கசிவு ஏறும், துல்லியம் மங்கும். பிளவுத் துணுக்குகளை அளக்கும்போது இன்னொரு குறையும் தெரிந்தது. அவை உண்டாக்கும் இணைகள் மிக நெருக்கமாக இருப்பதால் ஒரு பகுதி புலம் பிரிப்பதற்குள் மீண்டும் கூடிவிடும். தங்கத்தைக் கடக்கையிலும் கடைசி ஓட்டத்தில் அணுக்களை மோதித் தள்ளுவதிலும் கொஞ்சம் போகும். உண்மை ஆற்றலைவிடக் குறைவாகவே துடிப்பு காட்டும். ஓக் ரிட்ஜில் ஷ்மிட் குழு கலிஃபோர்னியம்-252இன் பிளவுத் துணுக்குகளைக் கொண்டு அதற்கான திருத்தத்தை 1965இல் வகுத்துத் தந்தது. ஆனால் கைபட்டாலே கெடும் குணத்துக்கும், பக்குவம் கைமாறாத சிக்கலுக்கும் திருத்தம் எதுவும் இல்லை. தங்கப் படலத்தை விட்டே வெளியேற வேண்டியிருந்தது.

1980இல் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் யோசெப் கெம்மர் அதைச் செய்தார். மின்னணுத் தொழில் சில்லு செய்யும் அதே முறையில், ஆக்சைடு போர்த்து, அயனிகளைப் பாய்ச்சி, டிடெக்டரை உருவாக்கினார். ஒரு சில்லை முடி போன்ற பட்டைகளாகப் பிரிக்க அதனால் முடிந்தது. செர்ன் ஆய்வகத்தில் அந்தப் பட்டைகள் முதலில் பிடித்தது என்ன, பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஆலையும் ட்ராம்பே ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த சில்லுகள் அதே செர்னுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)